சாலையிலும் உண்டு அடியார்களின் உரிமை

(வடசென்னைப் பள்ளிவாசல் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

   

இன்று பள்ளிக்கு வந்தபோது வாசலில் நம் வாகனங்களை வரிசையாக நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தோம். பூட்டினோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தோம். சாவி சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தோம். நம் பொருள் பற்றிய கவனம் நமக்கு நிறையவே இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. உங்கள் வண்டியின் காப்பீடு, அதாவது இன்சூரன்ஸ், எந்தத் தேதியில் முடிகிறது? இக்கேள்விக்கு உடனே விடை சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

பள்ளிவாசலில் பேச வேண்டிய விஷயமா இது என்று சிலர் எண்ணலாம். தொழுகையும் நோன்பும் அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடைப்பட்டவை. நம் வண்டி மோதி மற்றொருவரின் கால் முறிந்தால், அது நமக்கும் அந்த மனிதருக்கும் இடைப்பட்ட கணக்கு. அடியார்களின் உரிமை என்று நம் உலமாக்கள் எச்சரிக்கும் கணக்கு அது. அதைத்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

நாம் வாழும் பகுதி

நாம் வாழ்வது எத்தகைய இடத்தில்? ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம். மறுபக்கம் 2001இல் செயல்படத் தொடங்கி, இன்று காமராஜர் துறைமுகம் என்று அழைக்கப்படும் எண்ணூர்த் துறைமுகம். இரண்டிற்கும் இடையே இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். மேற்கே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். நாடெங்கும் ஓடும் லாரிகளைச் செய்யும் அசோக் லேலண்டு எண்ணூரில் இருக்கிறது. இளைஞர்கள் ஆசைப்படும் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் பழைய தொழிற்சாலை திருவொற்றியூரில் இருக்கிறது. வண்டியைச் செய்யும் ஊரும் நம் ஊரே. அவ்வண்டியின் கீழ் விழும் ஊரும் நம் ஊரே.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் காட்சி நமக்குப் புதிதன்று. அவற்றின் இடுக்கில் நுழைந்து செல்லும் இருசக்கர வாகனங்கள், மிதிவண்டியில் ஆலைக்குச் செல்லும் தொழிலாளி, அதிகாலையில் மீன்கூடையுடன் சாலையைக் கடக்கும் தாய்மார்கள், மதரஸாவிற்குச் செல்லும் பிள்ளைகள் ஆகிய அனைவருக்கும் ஒரே சாலைதான். இவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவர்கள். ஒரு நாள் படுத்தால் அடுப்பு எரியாது. ஆறு மாதம் படுத்தால் பிள்ளையின் படிப்பு நிற்கும்.

ஒரு தந்தையின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். சிறிய தையற்கடை வைத்திருப்பவர். கல்லூரிக்குச் செல்லும் அவருடைய மகன் அதிகாலையில் காசிமேட்டுப் பக்கம் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, மீன் விற்கும் ஒரு தாயின் மீது மோதிவிட்டான். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வண்டி தந்தையின் பெயரில் இருந்தது. அதன் காப்பீடு நான்கு மாதங்களுக்கு முன்பே முடிந்து போயிருந்தது. எவரும் கவனிக்கவில்லை.

"ஹழ்ரத், வழக்கு எங்கள் பக்கம் முடிய ஏதேனும் ஓதிக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்டார்.

"அந்தத் தாயின் வீட்டிற்குச் சென்றீர்களா?" என்று கேட்டேன்.

"போகக் கூடாது, போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்" என்றார்.

மறுநாள் நாங்கள் இருவரும் சென்றோம். ஓர் அறை வீடு. அந்தத் தாய் கட்டிலில் படுத்திருந்தார். இவர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். கையில் கொண்டு சென்ற சிறு தொகையை நீட்டினார். அந்தத் தாய் அதை வாங்கவில்லை. "பணம் இருக்கட்டும் பாய், நாளைக்குக் கூடையை யார் தூக்குவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

இக்கேள்விக்கு எங்கள் இருவரிடமும் விடை இல்லை. அன்புச் சகோதரர்களே! இன்றைய உரை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் முயற்சியே.

மார்க்கம் வகுத்த இரு கடமைகள்

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் அந்நிஸாவின் 92ஆம் வசனம், தவறுதலாக ஓர் உயிரைப் போக்கிவிட்டவன் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்குகிறது. வேண்டுமென்றே செய்யவில்லையே என்று அவனை அது விட்டுவிடவில்லை. இரண்டு கடமைகளை அவன் மீது சுமத்துகிறது.

முதலாவது, அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய பரிகாரம். ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இயலாதவர் இரண்டு மாதங்கள் தொடர்ச்சியாக நோன்பு நோற்க வேண்டும். இரண்டாவது, இறந்தவரின் குடும்பத்தாருக்குச் செலுத்த வேண்டிய நட்டஈடு. இதற்கு தியத் என்று பெயர். அக்குடும்பத்தார் தாமாக விட்டுக்கொடுத்தாலன்றி அக்கடன் நீங்காது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நோன்பு நோற்றுவிட்டேன், தவ்பாச் செய்துவிட்டேன் என்பதால் குடும்பத்தாரின் உரிமை அழிந்துவிடுவதில்லை. மற்றொன்று, நம்மோடு உடன்படிக்கை செய்துகொண்டு வாழும் சமூகத்தைச் சேர்ந்தவர் இறந்தாலும் அவருடைய குடும்பத்தாருக்கு நட்டஈடு உண்டு என்பதை அதே வசனம் தனியாகக் குறிப்பிடுகிறது. சாலையில் நம்மால் பாதிக்கப்பட்டவர் எம்மதத்தவர் என்று கேட்பதற்கு இடமே இல்லை. அந்த மீன்காரத் தாயின் உரிமை நம் கழுத்தில் தொங்குகிற உரிமை.

உயிர் போகாமல் உறுப்பு மட்டும் சிதைந்தாலும், அதற்கெனத் தனித்தனி நட்டஈடுகளை ஃபிக்ஹு நூல்கள் வகுத்துள்ளன. ஆகவே "பிழைத்துக்கொண்டாரே, அல்ஹம்து லில்லாஹ்" என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது.

வாகன விபத்து இந்தச் சட்டத்தில் அடங்குமா என்ற ஐயம் எழலாம். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1993 ஜூனில் புருணையில் கூடியபோது இதனை ஆராய்ந்தது. மார்க்கத்திற்கு முரணாகாத போக்குவரத்துச் சட்டங்களுக்குக் கட்டுப்படுவது மார்க்கக் கடமையே என்றும், தன் வாகனத்தால் பிறர் உடலுக்கோ பொருளுக்கோ தீங்கு விளைவித்த ஓட்டுநர் அதற்குப் பொறுப்பாளி என்றும் அது தீர்மானித்தது. தடுக்கவியலாத நிகழ்வு, பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தவறு போன்றவை விதிவிலக்குகள்.

ஆகவே சிவப்பு விளக்கு, தலைக்கவசம், ஓட்டுநர் உரிமம், காப்பீடு ஆகியவற்றையெல்லாம் போலீஸ்காரருக்கும் நமக்கும் இடைப்பட்ட விவகாரமாகக் கருதுவது தவறு.

ஒருவர் சுமையைப் பலர் சுமந்த வரலாறு

நட்டஈட்டின் அளவு என்ன? முழு தியத் நூறு ஒட்டகங்கள். பொன்னாயின் ஆயிரம் தீனார். ஏழை ஒருவர் இதனை எவ்வாறு செலுத்துவார்?

இதற்கும் மார்க்கம் வழி வகுத்திருக்கிறது. தவறுதலாக நிகழ்ந்த மரணத்திற்கான தியத்தை அவருடைய ஆகிலா என்னும் கூட்டத்தார் மூன்று ஆண்டுகளில் செலுத்துவார்கள். தொடக்கத்தில் ஆகிலா என்பது தந்தை வழி உறவினரைக் குறித்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தீவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தியபோது, ஒரே பதிவேட்டில் பெயருள்ளவர்கள் ஒருவருக்கொருவர் ஆகிலாவாக அமைந்தனர். ஹனஃபி மத்ஹபின் நூல்கள் இதனை ஆதாரமாகக் கொள்கின்றன. ஒரு நபர் தலையில் மூன்று அல்லது நான்கு திர்ஹங்களுக்கு மேல் விழாதபடி சுமை பரவலாகப் பிரிக்கப்பட வேண்டும் என்றும், தவறு செய்தவரும் அவர்களில் ஒருவராகத் தம் பங்கைத் தர வேண்டும் என்றும் அந்நூல்கள் கூறுகின்றன.

எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! பாதிக்கப்பட்ட குடும்பம் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. தவறிய ஏழையும் நடுத்தெருவில் நிற்கக் கூடாது. பலர் சிறிது சிறிதாகத் தர வேண்டும். தேவையுள்ள குடும்பத்திற்கு அது பெருந்தொகையாகச் சென்று சேர வேண்டும்.

இன்று நமக்கு ஆகிலா எங்கே? சொந்த ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் வாழ்பவருக்காக எந்தக் குலம் வந்து நிற்கும்? கூடப்பிறந்தவரே கைவிரிக்கும் காலம் இது. இந்த வெற்றிடத்தில்தான் நாட்டின் சட்டம் ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது.

நாட்டின் சட்டம் சொல்வது

பிரிட்டனில் 1930ஆம் ஆண்டிலேயே மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. நம் நாட்டில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதனை ஏற்றது. இப்போது நடைமுறையில் இருப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம். 1989 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. மூன்றாம் நபருக்கான காப்பீடு இன்றிப் பொது இடத்தில் வாகனத்தைப் பயன்படுத்தவோ, பயன்படுத்த அனுமதிக்கவோ கூடாது என்று அதன் 146ஆம் பிரிவு விதிக்கிறது. "அனுமதிக்கவோ" என்ற சொல்லைத் தந்தைமார்கள் நன்கு கவனிக்க வேண்டும்.

மீறினால் 196ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வாறு உயர்த்தியது.

மூன்றாம் நபர் என்பவர் யார்? உங்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் இடையே ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் இல்லாத, சாலையில் நடந்து சென்ற அந்த மனிதரே மூன்றாம் நபர். நீங்கள் கட்டும் அந்தப் பணம் உங்கள் வண்டிக்காக அன்று. உங்களால் பாதிக்கப்படக்கூடிய, நீங்கள் இதுவரை முகமே பார்த்திராத ஒருவருக்காக.

கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2018இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும், புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு வாங்கும்போதே சேர்த்து வழங்கப்படுகிறது. இது நன்மையே. ஆனால் இதிலும் ஒரு மறதி ஒளிந்திருக்கிறது. ஐந்தாண்டுகள் கவலையின்றி ஓட்டியவர், ஆறாம் ஆண்டு புதுப்பிக்க வேண்டும் என்பதையே மறந்துவிடுகிறார். உங்கள் வண்டி எந்த ஆண்டில் வாங்கியது? இன்று வீட்டிற்குச் சென்றதும் அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள்.

இரண்டு தொகைகள்

ஒரு கணக்கைச் சொல்கிறேன். முப்பது வயதுடைய கொத்தனார் ஒருவர். மாத வருமானம் 15,000 ரூபாய். மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ளனர். நம் வண்டி மோதி அவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லாஹ் காப்பானாக!

உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்த முறைப்படி, அவருடைய எதிர்கால முன்னேற்றத்திற்காக வருமானத்தோடு 40 விழுக்காடு சேர்க்கப்படும். ஆகவே 21,000 ரூபாய். அவருடைய சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். மீதி 14,000 ரூபாய். ஆண்டுக்கு 1,68,000 ரூபாய். அவருடைய வயதிற்குரிய பெருக்கு எண் 17. ஆகமொத்தம் 28,56,000 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவும், துணையை இழந்ததற்கான தொகையும், வட்டியும் இதற்கு மேல்.

மறுபக்கத்தைப் பாருங்கள். 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டண அறிவிப்பின்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வாகனத்திற்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் ஓராண்டுக் கட்டணம் 714 ரூபாய். அதன் மீதான வரியைச் சேர்த்தாலும் நாளொன்றுக்கு இரண்டரை ரூபாயைத் தாண்டாது. புதுப்பிக்கும் நாளில் உள்ள கட்டணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தச் சிறு தொகையை மிச்சம் பிடித்தவரிடம், 28 லட்சம் ரூபாயை அந்த விதவை எவ்வாறு வசூலிப்பார்? நடுவர் மன்றம் தீர்ப்பளிக்கலாம். வீட்டை ஜப்தி செய்ய ஆணையும் பிறப்பிக்கலாம். ஆனால் வீடே இல்லாதவரிடம் எதை ஜப்தி செய்வது? தீர்ப்பு காகிதத்தில் இருக்கும். பிள்ளைகள் பசியில் இருப்பார்கள். நமக்கு அபராதம் 2,000 ரூபாயோடு முடிந்துவிடலாம். அவர்களின் உரிமையோ மறுமை வரை நம்மைத் தொடரும்.

மலையளவு தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் கொண்டு வந்தும், பிறருக்கு இழைத்த அநீதிகளுக்காக அவற்றையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவரையே உண்மையான ஏழை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அடையாளம் காட்டினார்கள். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவிற்குத் தொழுவிக்கத் தயங்கி நின்ற நபி (ஸல்) அவர்கள், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள் என்பதையும் நாம் அறிவோம். அது சில தீனார்கள் மட்டுமே. நாம் பேசுவதோ ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுவதையும்.

இன்சூரன்ஸ் ஹராம் அல்லவா?

இங்கே ஒரு கேள்வி எழும். எழ வேண்டிய கேள்வியே அது. "ஹழ்ரத், இன்சூரன்ஸில் வட்டியும் நிச்சயமின்மையும் கலந்திருக்கின்றன. அதனால்தான் எடுக்கவில்லை" என்று சிலர் கூறுகின்றனர்.

மறைக்காமல் சொல்கிறேன். லாப நோக்குடைய வணிகக் காப்பீடு மார்க்கத்திற்கு முரணானது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு ஆகுமானது என்றும் அதே ஃபிக்ஹு அகாடமி 1985 டிசம்பரில் தீர்மானித்தது. அந்த அடிப்படையில்தான் தகாஃபுல் என்னும் ஏற்பாடு வளர்ந்தது. மலேசியாவில் 1984ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கே வாகனங்களுக்கும் தகாஃபுல் எடுக்கலாம். இந்தியாவில் வாகனங்களுக்கு அத்தகைய நிறுவனம் இல்லை.

அப்படியானால் நாம் என்ன செய்வது? நம் முன்னுள்ள வழிகள் இரண்டே. ஒன்று, வாகனம் ஓட்டாமல் இருப்பது. மற்றொன்று, சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்குக் காப்பீடு எடுப்பது. கட்டாயமாக்கப்பட்டதை நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆலிம் பெருமக்கள் பலர் ஃபத்வா அளித்துள்ளனர். காப்பீடும் எடுக்காமல் வண்டியும் ஓட்டுவது மூன்றாவது வழி. அதைப் பேணுதல் என்று எண்ணுவோர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சட்டத்தையும் மீறி, எதிரே வரும் ஏழையின் உரிமைக்கும் உத்தரவாதம் இல்லாமல் செய்துவிட்டு, எதைப் பேணினோம்? கடன் வாங்கி வட்டி கட்டிய வண்டியில் ஏறி அமர்ந்தபோது வராத பேணுதல், பிறருக்காக 714 ரூபாய் கட்டும்போது மட்டும் வருவது எவ்வாறு? நம் உள்ளத்தை நாமே கேட்டுக்கொள்வோம்.

கட்டாயமல்லாத பிற காப்பீடுகளைப் பற்றி உங்களுக்கு ஐயம் இருந்தால், நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் தனியே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஒன்றையும் மறந்துவிடாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டிவிட்டால் நம் பொறுப்பு முழுவதும் தீர்ந்ததாகாது. உயிர் போயிருந்தால் இரண்டு மாத நோன்பு என்னும் பரிகாரத்தை எந்த நிறுவனமும் நமக்காக நோற்காது. மன்னிப்புக் கேட்பதையும் எந்த முகவரும் நமக்காகச் செய்ய மாட்டார்.

அறியாமல் செய்யும் தவறுகள்

நம் குடும்பங்களில் அடிக்கடி காணும் சில தவறுகளைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

முதலாவது, பழைய வண்டியை விற்றுவிட்டுப் பெயரை மாற்றாமல் விடுவது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். பதிவுச் சான்றில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்றும், இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்றும் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கோ, எவரோ செய்த விபத்திற்கு உங்கள் வீட்டிற்கு அறிவிப்பு வரும்.

இரண்டாவது, உரிமம் இல்லாத மகனிடம் சாவியைக் கொடுப்பது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. உரிமம் இல்லாதவர் ஓட்டிய வண்டியாயினும், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைச் செலுத்திவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியது. காப்பீடு இருந்தும் கடன் உங்கள் தலையில் வந்து நிற்கும். ரமளான் இரவுகளிலும் பராஅத் இரவிலும் விரைவுச் சாலையில் வண்டிகளை உறுமவிட்டுச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோரே! அவர்கள் இபாதத்திற்குச் செல்கிறார்கள் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது, சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது. நிக்காஹிற்கும் ஜனாஸாவிற்கும் மினி லாரியில் குடும்பத்தோடு செல்கிறோம். சரக்கு வாகனத்தில் இவ்வாறு இலவசமாகப் பயணம் செய்வோருக்குச் சட்டப்படியான மூன்றாம் நபர் காப்பீடு பொருந்தாது என்பதை உச்ச நீதிமன்றம் நெடுநாட்களுக்கு முன்பே தெளிவுபடுத்திவிட்டது.

நான்காவது, மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்பவர். சட்டம் கோரும் குறைந்தபட்சக் காப்பீட்டில் அவர் அடங்க மாட்டார் என்று 2006இல் தீர்ப்பு வந்தது. பின்னால் அமர்பவர் பெரும்பாலும் நம் மனைவியும் மக்களும்தான். ஆகவே பாலிசி எடுக்கும்போதே, பின்னால் அமர்பவருக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். ஓட்டும் உரிமையாளருக்கென உள்ள 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு பற்றியும் விசாரியுங்கள்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் கொடியது. விபத்து நடந்த பிறகு ஓட்டியவரின் பெயரை மாற்றுவது, காப்பீடு உள்ள வேறொரு வண்டியைக் கொண்டு வந்து காட்டுவது. "குடும்பத்தைக் காப்பாற்றத்தானே" என்கிறார்கள். அது பொய்ச் சாட்சி. பெரும்பாவங்களில் ஒன்றென நபி (ஸல்) அவர்கள் சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்தமர்ந்து மீண்டும் மீண்டும் எச்சரித்த பாவம் அது.

விபத்து நேர்ந்துவிட்டால்

தவறு நம்முடையதாயினும் இல்லாவிட்டாலும், அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல் நிலையத்திற்கு 24 மணி நேரத்திற்குள் தகவல் தருவதும், காப்பீட்டு நிறுவனத்திற்கு அறிவிப்பதும் 134ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. கூட்டத்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சினால் காவல் நிலையத்திற்கே சென்றுவிடலாம். ஓடி ஒளியக் கூடாது. வழியில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிச் சென்று உதவுபவருக்குச் சட்டமே பாதுகாப்பு அளிக்கிறது, அஞ்ச வேண்டியதில்லை.

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாட்களுக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் ஒரு சொல். "இறந்தவரை வைத்துப் பணம் வாங்குவதா?" என்று சில பெரியவர்கள் வழக்குத் தொடர மறுக்கின்றனர். அந்த இழப்பீடு யதீம்களின் உரிமை. வயதுவந்த வாரிசுகள் தத்தம் பங்கை விட்டுக்கொடுக்கலாம். குழந்தைகளின் பங்கை விட்டுக்கொடுக்க மாமாவுக்கோ பெரியப்பாவுக்கோ அதிகாரம் இல்லை. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்குகள் நீதிமன்றம் மோட்டார் விபத்து இழப்பீட்டு நடுவர் மன்றமாகச் செயல்படுகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் விண்ணப்பிக்க ஆறு மாதக் கெடு விதிக்கிறது. ஆகவே இத்தாக் காலம் முடியட்டும் என்று காத்திராமல், ஆண் உறவினர்கள் உடனே காரியத்தில் இறங்க வேண்டும். மோதிவிட்டுச் சென்ற வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், மரணத்திற்கு 2 லட்சம் ரூபாயும் பலத்த காயத்திற்கு 50,000 ரூபாயும் பெற வழி உண்டு.

நாம் செய்யக்கூடியவை

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவைக் குறித்துவையுங்கள். முஹர்ரம் மாத முதல் ஜும்ஆவாக இருக்கலாம். அன்று ஒவ்வொருவரும் தம் வண்டியின் பதிவுச் சான்று, உரிமம், காப்பீடு ஆகிய மூன்றையும் எடுத்துப் பார்க்கட்டும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டால் காப்பீட்டின் முடிவுத் தேதி தெரிந்துவிடும். படித்த இளைஞர்கள் பள்ளி வாசலில் அமர்ந்து பெரியவர்களுக்கு அதைப் பார்த்துச் சொல்லட்டும். ஆட்டோவும் சிறிய சரக்கு வண்டியும் ஓட்டிப் பிழைப்பவர்களுக்குப் புதுப்பிக்கும் மாதத்தில் பணம் முட்டுப்படுவது உண்மை. பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்கு அழகிய கடன் கொடுங்கள். ஒரு நாள் அந்தப் பணம், நாம் அறியாத ஒரு வீட்டில் அடுப்பெரிக்கும்.

தாய்மார்களே! வீட்டிலிருந்து வண்டி கிளம்பும்போது "பார்த்துப் போ" என்கிறீர்கள். இனி "காகிதமெல்லாம் சரியாக இருக்கிறதா?" என்றும் கேளுங்கள்.

அந்தத் தையற்கடைச் சகோதரரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நான் துஆச் செய்தேன். வழக்கில் வெல்வதற்காக அன்று, கடனை அடைப்பதற்காக. நடுவர் மன்றம் விதித்த தொகை நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல். தையல் எந்திரங்கள் மூன்றில் இரண்டை விற்றார். மனைவியின் நகைகளும் போயின. மூன்றாண்டுகளில் முழுவதையும் செலுத்தினார். மகன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் சென்றான். அந்தத் தாயோ மீண்டும் கூடை தூக்கவே இல்லை. கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்த நாளில் அவர் சொன்னார்: "ஹழ்ரத், பணம் போனதில் வருத்தமில்லை. அந்த அம்மாவுக்கு மருந்து வாங்கவே வழியில்லாமல் கிடந்த நாட்களில் என்னால் எதுவும் கொடுக்க முடியவில்லையே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது."

காப்பீடு இருந்திருந்தால் விபத்து நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அத்தாயின் இடுப்பு முறியாமல் இருந்திருக்கும் என்றும் சொல்லவில்லை. "நாளைக்குக் கூடையை யார் தூக்குவாங்க?" என்று அவர் கேட்டபோது, தலைகுனிந்து நிற்காமல் சொல்லக்கூடிய ஒரு விடையேனும் நம்மிடம் இருந்திருக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளாலும் எங்கள் வாகனங்களாலும் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் சாலைகளில் பாதுகாப்பாயாக! அடியார்களின் உரிமைகளோடு உன்னைச் சந்திக்கும் இழிநிலையிலிருந்து எங்களை விலக்கி வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.